பெட்டியில் நான் போட்ட உப்பு

எந்த நாயைக் கண்டாலும் சைக்கிளை நிறுத்தி இறங்குகிற என் அண்ணைக்கு,

நீங்கள் போய் எட்டு வருடம் முடிந்துவிட்டது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. திவசத்துக்குச் சமைத்தேன், படத்துக்கு மாலை கட்டினேன், கேட்டவர்களுக்கு எங்கள் அண்ணை நல்ல மனுசன் என்று சொன்னேன். எழுத மட்டும் கை வரவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதற்குள் போவதற்கு முன் வீட்டுப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மூண்டு மயிலிட்டித் துறையை விட்டு எல்லோரும் வந்துவிட்டோம். நானும் அண்ணியும் கரவெட்டியில் ஒருவர் தந்த வளவுக்குள் கொட்டில் போட்டு இருக்கிறோம். இங்கே கடல் கேட்காது. அண்ணி வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார், நான் தென்னோலைக் கிடுகு பின்னுகிறேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அண்ணிக்கு நான், எனக்கு அண்ணி, அவ்வளவுதான் மிச்சம்.

இந்தத் தை மாதம் தொடங்கி வெடிச்சத்தம் நின்றிருக்கிறது. சனம் சிரித்துக் கதைக்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் அது வேறு யாருக்கோ வந்த கடிதம் மாதிரி இருக்கிறது.

வீட்டில் ஒரு நாய் நிற்கிறது. கறுப்பி என்று பெயர். யாரோ இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போன நாய், தோட்டத்திலிருந்து அண்ணியின் பின்னால் நடந்து வந்தது. "எனக்கு இனி நாய் வேண்டாம், போ" என்று அண்ணி இரண்டு நாள் தடியை ஓங்கினார். மூன்றாம் நாள் சிரட்டையில் கஞ்சி வைத்தார். பூனையும் ஒன்று இருக்கிறது. அது தானாக வந்தது, பெயர் வைக்கவில்லை, பூனை என்றுதான் கூப்பிடுகிறோம். தன் பங்கு மீனில் பாதியை அண்ணி அதற்குத்தான் கொடுக்கிறார், நான் பார்க்காத நேரம் பார்த்து.

நீங்கள் செய்வதையெல்லாம் நான் கறுப்பிக்குச் செய்கிறேன். உதட்டைத் தூக்கிப் பல் முரசு வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பேன். காதுக்குள் உண்ணி பார்ப்பேன். முன்பு மண்ணெண்ணெய்ச் சிரட்டையில் உண்ணியைப் போடுவோம், நினைவிருக்கிறதா? இப்போது விளக்குக்கே எண்ணெய் காணாது, அடுப்பில்தான் போடுகிறேன். பழைய மீன் தலையை அவிக்காமல் கொடுப்பதில்லை. எல்லாம் சரியாக நடக்கிறது, ஒன்றைத் தவிர. கறுப்பிக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடவில்லை.

அண்ணி விடமாட்டார். "ஊசி போட்ட நாயாலைதானே என்ரை மனுசன் போனவர். பிறகென்னத்துக்கு உந்த ஊசி?" என்பார். அதற்கு மேல் யார் என்ன கதைக்க முடியும்? எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடும் அண்ணியின் சொல்லைக் கேட்டுத்தான் இருக்கிறது. ஊசி போட்ட நாய் கடித்து இறந்தவரின் பெண்சாதி என்றால் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. மிருக வைத்தியர் கந்தோரிலிருந்து ஆள் வந்தால் இந்த ஒழுங்கையில் படலை திறப்பதில்லை.

போன ஐப்பசியில் அடுத்த ஒழுங்கைக்குள் விசர் நாய் ஒன்று வந்தது. ஒரு கன்றுக்குட்டி செத்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, தப்பினார்கள். வீட்டைவிட்டு வந்தவர்கள் விட்ட நாய்கள் ஊரெல்லாம் அலைகின்றன, இது முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

அதன் பிறகு மிருக வைத்தியர் தானே சைக்கிளில் வந்தார். வயதான மனிதர், காற்சட்டைக் காலில் கிளிப் போட்டிருப்பார். கப்பலில் கொஞ்சம் தடுப்பு மருந்து வந்திருக்கிறது, மின்சாரம் இல்லாத ஊரில் அதைக் குளிராக வைத்துக் கொண்டுதிரிய ஆள் வேண்டும் என்றார். "மயிலிட்டிப் பிள்ளையள் இஞ்சை இருக்கினம் எண்டு சொன்னவை. ஐஸ் கட்ட உங்களிலும் பாக்கத் தெரிஞ்சவை ஆர்?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். நீங்கள் செய்த வேலை என்பதால் சொன்னேனோ, வேறு வேலை இல்லாததால் சொன்னேனோ, தெரியாது.

கந்தோருக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடும் நேரம் பிடித்த ஐஸ் கொஞ்சம் பாரமில்லாத ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டிக்குள் இருந்தது. வைத்தியர் மருந்துப் போத்திலைக் கடதாசியில் சுற்றி, ஐஸில் முட்டாமல் எப்படி வைப்பது என்று காட்டினார். பிறகு, எல்லோருக்கும் சொல்கிற ஒரு விசயத்தைச் சொல்கிற குரலில் சொன்னார். "ஐஸுக்கு உப்புக்கிப்புப் போட்டுடாதையுங்கோ பிள்ளை. மீன்காரர் அப்பிடிச் செய்யிறவை. போத்தில் இறுகினால் மருந்து செத்துப் போம்."

நான் கேட்டேன், "இறுகி, பிறகு இளகினால் என்ன ஐயா?"

"பாக்க அதே மருந்து மாதிரித்தான் இருக்கும். ஆனால் வெறும் தண்ணி."

நான் தலையாட்டினேன். பெட்டியை மூடிக் காட்டச் சொன்னார், மூடிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்று கிடுகு பின்னினேன். அன்று நான் செய்தவை இவ்வளவுதான்.

அண்ணை, உங்களுக்கு அந்தப் பங்குனி மாதத்துப் பின்னேரம் நினைவிருக்க ஒரு காரணமும் இல்லை. உங்களுக்கு அது சாதாரண நாள். நீங்கள் அப்போது மிருக வைத்தியர் கந்தோரில் ஊசி போடுகிற வேலையில் இருந்தீர்கள். மறுநாள் காலை மயிலிட்டியில் நாய்களுக்கு ஊசி. பலாலிப் பக்கம் காலையில் ஆமி பாதை விடுமோ தெரியாது என்று முதல் நாளே மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள். துறைமுகத்து ஐஸ் வாடியில் ஐஸ் வாங்கி என்னிடம் தந்து, "விடிய மட்டும் குளிராய் வைச்சிரு, ஐஸ்காரி" என்றீர்கள். குளிராய் என்று மட்டும்தான் சொன்னீர்கள். இறுகக் கூடாது என்று சொல்லவில்லை. இது பழியை உங்கள் மேல் போட எழுதியது இல்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நீங்கள் குளிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் விடியும்வரை நிற்காது போல் இருந்தது. எங்கள் வீட்டில் அறக்குளா மீனைக் கொழும்பு லொறிக்குக் கட்டும்போது என்ன செய்வோமோ அதைச் செய்தேன். இரண்டு கை கல்லுப்பை ஐஸின் மேல் தூவிக் கிளறினேன். உமிச்சாக்கைச் சுற்றிக் கட்டினேன்.

காலையில் உங்களுக்கு முன்னால் எழும்பிப் பெட்டியைத் திறந்தேன். உமிச்சாக்குக்குள் ஐஸ் பாதிக்கு மேல் இன்னும் நின்றது. போத்தில்கள் கல்லாக இருந்தன. சரித்தால் ஒன்றும் ஆடவில்லை. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? எங்கள் ஆட்களுக்கு இறுகினது நல்லது, இளகினது கூடாது. மீன் கல்லு மாதிரி இருந்தால்தான் வாங்குகிறவன் கையை எடுக்கமாட்டான். ஊசிக்குள் எடுக்க முடியாதே என்று போத்தில்களை ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் பொத்தி இளக வைத்தேன். கை மரத்துப் போயிற்று. நீங்கள் வந்து ஐஸைப் பார்த்துவிட்டு, "பவளம் கட்டின ஐஸ் சித்திரை மட்டும் நிக்கும்" என்று அண்ணியிடம் சொன்னீர்கள். அண்ணி சிரித்தார்.

அன்று முதல் ஊசி எங்கள் நாய் பிறவுணிக்கு. ஊருக்குக் காட்ட வேண்டும் என்று முதலில் அதைத்தான் பிடித்தீர்கள். ஊசி போட்ட நாய்களுக்கு அடையாளமாக நீல வலைநூல் கட்டுவது உங்கள் வழக்கம், பிறவுணியின் கழுத்தில் நான்தான் கட்டினேன். பொழுது சாயும்போது மயிலிட்டியில் எங்கு பார்த்தாலும் நீல நூல்.

ஆவணியில் பிறவுணி சாப்பிடாமல் படுத்தது. வாய் திறந்தபடி, எச்சில் வடிந்தபடி, விழுங்க முடியாமல். குரைக்கவில்லை, யாரையும் கடிக்கவில்லை. இப்படியும் விசர் வரும் என்று ஊரில் சொல்லித் திரிந்தவரே நீங்கள்தான். "தொண்டையிலை முள்ளு எண்டு நினைச்சு நாயின்ரை வாய்க்குள்ளை கையை விடாதையுங்கோ. முதலிலை எங்களிட்டை வாங்கோ." இதை எத்தனை படலையில் நின்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் இது உங்கள் நாய். நீங்களே ஊசி போட்ட நாய், கழுத்தில் நீல நூல். அதனால் நீங்கள் வேறெதையும் நினைக்கவில்லை. "சிங்கி இறால் முள்ளாக்கும்" என்று சொல்லி மணிக்கட்டு வரை கையை விட்டுத் தேடினீர்கள். முள் இருக்கவில்லை. பல் கீறியது. கையை வேட்டியில் துடைத்தீர்கள்.

இரண்டு நாளில் பிறவுணி செத்தது. முள்தான் உள்ளே இறங்கிவிட்டது என்று பூவரசு மரத்தடியில் புதைத்தோம். அண்ணி ஒரு தடவை கேட்டார், ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு சொல் கேட்டால் என்ன என்று. "என்ரை நாய்க்கு நானே ஊசி போட்டனான். எனக்கேன் தொப்புளைச் சுத்தி ஊசி?" என்றீர்கள்.

ஐப்பசியில் நடந்ததை எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். அண்ணி கொண்டு வந்த தேத்தண்ணியைக் கண்டதும் உங்கள் கழுத்து இழுத்தது, அதோடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நாலு நாள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், நாய்க்கு ஊசி போட்டதா என்று. அண்ணி ஓம் என்றார். மருந்து எப்படி வைத்திருந்தது என்று யாரோ கேட்டபோது, ஐஸில் என்று நான் சொன்னேன். அது பொய் இல்லை. அப்போது எனக்கும் தெரியாது.

இப்போது தெரியும். தெரிந்து மூன்று கிழமை ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அண்ணியிடம் சொன்னால் எனக்கு இருக்கிற ஒரே ஆளும் இல்லாமல் போவார். சொல்லாவிட்டால் கறுப்பிக்கு ஊசி இல்லை, ஒழுங்கையில் ஒரு நாய்க்கும் ஊசி இல்லை. ஊசி பிழை இல்லை, பிழை என் கையில் இருந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள்தான் உண்டு. அதை நன்றாக விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டு கிடுகு பின்னினேன். என்ன மனுசி நான்?

போன வெள்ளிக்கு முந்திய நாள் கறுப்பி செருமிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தபடி, எச்சில் வடிந்தபடி. அண்ணி முற்றத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இஞ்சை வா, என்னத்தைத் திண்டனி?" என்று அதன் தாடையைப் பிடித்து, கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரை. நீங்கள் விட்ட அதே மாதிரி. நான் கிணற்றடியில் வாளியோடு நின்றேன்.

அண்ணி கையை எடுத்தார். விரலில் ஒரு எலும்புத் துண்டு. உண்மையான எலும்பு. கறுப்பி வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தது. நன்றாகக் குடித்தது, சட்டி முடியும் மட்டும் நின்று பார்த்தேன்.

"அண்ணி, உங்கடை கையிலை கீறல் இருக்கோ?"

"இல்லை. ஏன்?"

அப்போது சொன்னேன். பெட்டி, ஐஸ், இரண்டு கை உப்பு, கல்லான போத்தில், என் உள்ளங்கை. வைத்தியர் சொன்னது. ஒரே மூச்சில், சந்தைச் சாமான் சொல்கிற மாதிரி. நான் அழவில்லை. அண்ணியும் அழவில்லை. அந்த மருந்துதான் காரணம் என்று ஒருவரும் அடித்துச் சொல்ல முடியாது, ஊசி நன்றாக இருந்தாலும் சில நாய்க்குப் பிடிக்காது என்றும் வைத்தியர் சொன்னவர், அதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்காகச் சொல்வது என்று தெரிந்தது.

அண்ணி கேட்டது ஒன்றுதான். "அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை அண்ணி."

சவுக்காரத் துண்டு ஒன்றுதான் வீட்டில் இருந்தது, பொருள்தடைக் காலத்தில் தங்கம் மாதிரிப் பொத்தி வைத்திருந்தது. அதை எடுத்துக் கையை முழங்கை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு உள்ளே போனார்.

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. என் சாப்பாடு கோப்பையில் போட்டு மூடி இருந்தது. கூப்பிடவில்லை. தோட்டத்துக்குப் போனார், வந்தார், கறுப்பியோடு கதைத்தார், பூனையோடு கதைத்தார். பெட்டி படுக்கையைக் கட்டு என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். எங்கே போவது என்றும் யோசித்தேன். அண்ணை, அந்த நேரத்தில் உங்கள் மேல் கோபம் வந்தது. எட்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் கோபம். வேட்டியில் துடைத்தீர்களே, கிணறு பத்து அடி தூரத்தில்தானே இருந்தது?

நேற்றுப் பள்ளிக்கூட வளவில் ஊசி. விடிய முதலே பெட்டியோடு போய் வேப்பமரத்துக்குக் கீழே இருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் நாலு நாய் வந்தன, எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒன்றும் இல்லை. வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். மருந்தைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான் என்றார்.

அப்போது அண்ணி படலைக்குள்ளே வந்தார். ஒரு கையில் கயிறு, கயிற்றில் கறுப்பி. மற்றக் கையில் வாய் கட்டிய பனையோலை உமல், உமலுக்குள் பூனை கத்திக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் ஒழுங்கைச் சனம், நாய்களை இழுத்துக்கொண்டும் தூக்கிக்கொண்டும். அண்ணி அவர்களுக்கு என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது. என்னைச் சொன்னாரோ, சொல்லவில்லையோ. ஒருவரும் என்னை வேறு மாதிரிப் பார்க்கவில்லை.

நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"பெட்டிக்குள்ளை கை விட்டுப் பாத்தனியோ?"

"ஓம் அண்ணி."

"போத்தில் ஆடுதோ?"

ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே சரித்துக் காட்டினேன். மருந்து ஒரு பக்கம் ஓடி மற்றப் பக்கம் வந்தது.

"உப்பு?"

"போடேல்லை."

அண்ணி குந்தியிருந்து கறுப்பியின் தலையைத் தன் மடியில் அமத்திப் பிடித்தார்.

"அப்ப போடச் சொல்லு. நீ நூலைக் கட்டு."

கட்டினேன். நீல வலைநூல் இங்கே கிடைக்காது, கிடுகு கட்டுகிற கயிற்றைத்தான் கட்டினேன். இரண்டு தடவை முடிச்சு அவிழ்ந்தது. அண்ணி அவசரப்படுத்தவில்லை.

அண்ணி என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. நேற்றுச் சாப்பாடு மூடி வைக்கவில்லை, "வா, சாப்பிடு" என்றார். கறுப்பி இப்போது என் காலடியில் படுத்திருக்கிறது. ஊசி போட்ட இடத்தைத் தொடவிடாது. பூனை இன்னும் கோபத்தில் கூரையில் இருக்கிறது.

அண்ணை, உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். கேட்டால் நீங்கள் "விடடி, ஐஸ்காரி" என்று சொல்லிவிடுவீர்கள். அவ்வளவு லேசாக எனக்கு அது வேண்டாம். அதனால் கேட்கவில்லை, ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தப் பெட்டி என் கையில் வந்தாலும் ஒவ்வொரு போத்திலையும் சரித்துப் பார்ப்பேன். ஒன்று இறுகியிருந்தாலும், எத்தனை பேர் நாயோடு வரிசையில் நின்றாலும், அந்தப் பெட்டியில் இருக்கிற முழு மருந்தையும் அவர்களுக்கு முன்னால் நிலத்தில் ஊற்றுவேன். ஏன் ஊற்றுகிறாய் என்று கேட்பவர்களுக்கு உங்கள் பெயரைச் சொல்வேன். அதன் பிறகு என் பெயரைச் சொல்வேன்.

உங்களுக்குப் பின்னால் பிறந்த ஒரே தங்கச்சி,
பவளம்